பட்டியலும் படிக்கும் கண்ணும்

நூல்களைச் சேர்ப்பவர் பலர். சேர்த்தவற்றை ஒழுங்குபடுத்துபவர் சிலர். தாம் மறைந்த பின்னும் அவ்வொழுங்கு நிலைக்க வழி செய்பவர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் சாமுவேல் பீப்ஸ் (1633-1703). தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ஆங்கிலக் கடற்படை நிருவாகத்தில் உயர்பதவி வகித்தவர். அவர் தொகுத்த 3,000 நூல்கள், 1724ஆம் ஆண்டு முதல், அவர் பயின்ற கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரியில் இருந்து வருகின்றன.

கண்ணாடிக் கதவிட்ட பன்னிரண்டு கருவாலி மரப் பேழைகளில் அந்நூல்கள் உயரத்தின்படி அடுக்கப்பட்டுள்ளன. மிகச் சிறியது முதல் எண். மிகப் பெரியது மூவாயிரம். குட்டையான நூல்களின் அடியில் மரக்கட்டை வைத்து உயரத்தைச் சமப்படுத்தினார் பீப்ஸ். சமயநூலும் நாடகமும் அளவொத்தால் அருகருகே நிற்கும்.

'இஃது அழகை நாடிய செயல். அறிவை நாடியதன்று' என்பாரும் உளர். அக்கூற்றில் பாதியே உண்மை. அடுக்கில் நேர்ந்த குறையை அவர் பட்டியலில் நிறைவு செய்தார். எண் வரிசை, அகர வரிசை, பொருட்பகுப்பு என மூவகையாலும் நூலைத் தேட அவருடைய கையெழுத்துப் பட்டியல் உதவியது. புதிய நூல்கள் சேர எண்கள் மாறின. எண்கள் மாறப் பட்டியலும் திருத்தி எழுதப்பட்டது. அடுக்கு கண்ணுக்கு, பட்டியல் கருத்துக்கு. இவ்விரண்டையும் பிரித்துணர்ந்ததே பீப்ஸின் திறம் எனலாம்.

ஒரு நூலையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தவறினால் தொகுப்பு முழுவதும் டிரினிட்டி கல்லூரியைச் சேரும் என்பது ஏற்பாடு. வளராத நூலகம் உயிரற்றது என்று இதனைக் குறை கூறலாம். ஆயினும், 1660 முதல் 1669 வரை அவர் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பின் ஆறு தொகுதிகளும் சிதறாமல் கிடைத்தது இக்கண்டிப்பினால் அன்றோ?

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஜான் ஸ்மித் என்னும் இளைஞர் 1819 முதல் 1822 வரை அரும்பாடுபட்டு அந்நாட்குறிப்பைப் பெயர்த்தெழுதினார். 1825இல் அதன் பகுதிகள் அச்சேறின. அச்சுருக்கெழுத்து முறையை விளக்கும் தாமஸ் ஷெல்டனின் கையேடு அதே நூலகத்தில் இருந்தது. பூட்டும் திறவுகோலும் ஓரிடத்திலேயே இருந்தும், அதனை அறியாமலே அவர் மூன்றாண்டு உழைத்தார்!

குற்றம் தொகுத்தவர் மேலதன்று. உழைத்த இளைஞர் மேலதும் அன்று. பட்டியல் இருந்தும் அதைத் துருவிப் பார்க்கும் வழக்கம் இல்லாமையே குறை. நம் பள்ளிகளிலும் நூற்பட்டியலைக் கணக்குப் பார்க்கும் ஏடாக மட்டுமே வைத்திருக்கிறோம். ஆண்டிறுதியில் அதனைத் திறந்து, எண்ணிக்கை சரியெனக் கையொப்பமிட்டு மூடிவிடுகிறோம். மாணவர் கையில் அதனைக் கொடுத்து, தேடவும் கண்டெடுக்கவும் பழக்குவோர் எத்தனை பேர்? பட்டியல் எழுதுவது பாதிப் பணி. அதனைப் படிக்கப் பழக்குவதே மறுபாதி. அம்மறுபாதி ஆசிரியர்களாகிய நம்முடையது.