பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகள்: முழுத்தொகுதி ஒலிப்பதிவுகளைத் தெரிவு செய்தல் பற்றிய சில குறிப்புகள்

பீத்தோவனின் சிம்பொனிகள் ஒன்பதையும் ஒரே நெறியாளரின் கீழ் ஒரே தொகுதியாகக் கேட்கவேண்டும் என்னும் எண்ணத்தை வளர்த்ததில் இசைத்தட்டு வணிகத்தின் பங்கு பெரிது. முதலாவது சிம்பொனி 1800 இலும் ஒன்பதாவது 1824 இலும் வியன்னாவில் அரங்கேறின. இடைப்பட்ட காலத்தில் நெப்போலியன் எழுந்தான், வீழ்ந்தான். பீத்தோவன் செவிப்புலனை இழந்தார். ஒரு நூலின் ஒன்பது இயல்கள் போல இவற்றை அவர் திட்டமிட்டு எழுதினார் எனக் கொள்வதற்கில்லை. எனினும் ‘சிறந்த தொகுதி எது?’ என்ற வினா இசை ஆர்வலரிடையே ஓயாது எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை கூறுவதிலும் எந்த அளவுகோல்களைக்கொண்டு விடை கூறுகிறோம் என ஆராய்வதே பயனுடையது.

பேர்லின் பில்ஹார்மோனிக் குழுவைக்கொண்டு ஆர்தர் நிக்கிஷ் 1913 இல் ஐந்தாவது சிம்பொனியைப் பதிவு செய்தார். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடமே ஒலிக்கும். வைன்கார்ட்னர் 1930களில் ஒன்பதையும் பதிந்து முடித்தார். 1948 இல் நெடுநேர இசைத்தட்டு வந்தபின் தொகுதிகள் பெருகின. ஹேர்பேர்ட் வொன் கராயன் 1961, 1962 ஆம் ஆண்டுகளில் பேர்லினிற் பதிந்த தொகுதி, தொடக்கத்திலிருந்தே ஒரே பொருளாக விற்பதற்கென ஆக்கப்பட்டது. அதன் ஒலியழகை மறுப்பார் இலர். ஆயின் ஒன்பது சிம்பொனிகளும் ஒரே மெருகைப் பெற்றமை அதன் குறையுமாகும். இரண்டாவதன் குறும்பும் எட்டாவதன் எள்ளலும் அம்மெருகினுள் மங்கிப்போயின என்பது எமது கருத்து. கராயன் இதற்கு முன் ஒரு முறையும் பின் இரு முறையுமாக நான்கு தடவை இத்தொகுதியைப் பதிந்தவர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

முதலாவது அளவுகோல் காலவேகம். 1817 இல் பீத்தோவன் தம் முதல் எட்டுச் சிம்பொனிகளுக்கும் மெற்றோனோம் எண்களை வெளியிட்டார். ஒன்பதாவதற்குப் பின்னர் வழங்கினார். ஐந்தாவதன் முதற்பகுதி நிமிடத்துக்கு 108 தாளவட்டம். மூன்றாவதாகிய ‘எரோய்க்கா’வின் முதற்பகுதி 60, அதாவது வினாடிக்கு ஒரு தாளவட்டம். இவை நடைமுறைக்கு ஒவ்வாத விரைவு என்றும், கருவி பழுதுற்றிருந்தது என்றும், செவிடாகிய ஒருவர் குறித்த எண்கள் நம்பத்தகாதன என்றும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கூறப்பட்டு வந்தது. ஊசல் கண்ணுக்குத் தெரிவது. அதை அளக்கச் செவி வேண்டியதில்லை. 1943 இல் வயலின் கலைஞர் றுடோல்ஃப் கோலிஷ் எழுதிய ஆய்வு, இவ்வெண்கள் இசையின் குணத்தோடு இணைந்த ஓர் ஒழுங்கு என நிறுவ முயன்றது. அவ்வழி நின்று 1961 இல் றெனே லைபோவிற்ஸ் றோயல் பில்ஹார்மோனிக் குழுவுடன் பதிந்த தொகுதி, ரீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனத்தால் அஞ்சல்வழி விற்கப்பட்டது. அதனாற்போலும் திறனாய்வாளர் பலர் நெடுங்காலம் அதனை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. 1980களின் பிற்பகுதியில் றொஜர் நொறிங்டன் பழைய கருவிகளுடன் அவ்வெண்களைப் பின்பற்றியபோதே விவாதம் சூடுபிடித்தது.

எண்ணைப் பின்பற்றுவதாலேயே இசை பிறந்துவிடும் எனல் பொருந்தாது. ஒன்பதாவதன் மெதுவான மூன்றாம் பகுதி நொறிங்டனிடம் 11 நிமிடத்தைச் சற்றே கடக்கின்றது; 1951 இல் பைறொயித்தில் வில்ஹெல்ம் பூர்ட்வெங்ளர் அதே பகுதிக்கு 19 நிமிடத்துக்கு மேல் எடுத்தார். முன்னதில் அது பாடலாகின்றது, பின்னதில் தியானமாகின்றது. பீத்தோவன் இட்ட தலைப்புக் ‘கந்தாபிலே’, பாடும் பாங்கில் என்பதாகும். பாடுவோனுக்கு மூச்சு எவ்வளவு நீளும் என்பதை எண்ணிப் பார்ப்பவர், நொறிங்டன் பக்கம் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்வர். ஆயினும் மீண்டும் மீண்டும் கேட்கத் தூண்டுவது பூர்ட்வெங்ளரின் பதிவே என்பதையும் இங்கு மறைத்தற்கில்லை.

இரண்டாவது அளவுகோல் பாடம் பற்றியது. எரோய்க்கா முதற்பகுதியின் இறுதியில் எக்காளங்கள் தலைமை இசைக்கருவைத் தொடங்கி, இடையிலே அதனைக் கைவிடுகின்றன. அக்கால எக்காளத்துக்கு எஞ்சிய சுரங்கள் எளிதில் எட்டா. பிற்கால நெறியாளர் பலர், வால்வு பொருத்திய கருவி கிடைத்ததும் அவற்றை நிரப்பினர். ‘கருவி இருந்திருப்பின் பீத்தோவனும் இதையே எழுதியிருப்பார்’ என்பது அவர் வாதம். ஐந்தாவது சிம்பொனியில் ஹோர்ன் முழங்கிய அழைப்பு மீள்வரவில் பசூனுக்கு இறங்குவதற்கும் இவ்வாறே திருத்தம் செய்யப்பட்டது. எரோய்க்காவில் இந்நிரப்பலை நாம் ஏற்கமாட்டோம். எக்காளம் ஓய மரக்காற்றுக் கருவிகள் கருவை ஏந்திச் செல்வதில், உறுதியான வெற்றிமுழக்கத்திற் காணாத ஒரு பதற்றம் உண்டு. பசூன் விடயத்தில் அத்துணை உறுதி எமக்கில்லை. 1990களின் பிற்பகுதியில் ஜொனதன் டெல் மார் பதிப்பு வெளிவரத் தொடங்கியபின் பாடத்தை அலட்சியம் செய்வது நெறியாளர்க்கு எளிதன்று.

இவ்விரு அளவுகோலுக்கும் அடங்காத ஒன்று ஒன்பதாவதில் எதிர்ப்படுகின்றது. 1942 மார்ச்சில் பேர்லினில் பூர்ட்வெங்ளர் நடத்திய ஒன்பதாவது பதிவாகிக் கிடைக்கின்றது. மறுமாதம் ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முதல்நாள் அவர் அதே சிம்பொனியை நடத்தினார். கோயபல்ஸ் கைகுலுக்கும் காட்சி படச்சுருளில் உள்ளது. மார்ச் பதிவின் மத்தள முழக்கம் அச்சம் தருவது. அதனுள் நெறியாளரின் எதிர்ப்பைக் கேட்பதாகச் சிலர் எழுதுகின்றனர். அவ்வாறு கேட்பதற்கு ஒலியில் ஆதாரம் எதுவுமில்லை. அதே முழக்கத்தை ஆர்ப்பரிப்பாகவும் கேட்கலாம். எல்லா மாந்தரும் உடன்பிறந்தோராவர் என்னும் ஷில்லரின் கருத்து அங்கு யாரை நோக்கிப் பாடப்பட்டது என்ற வினாவை ஒலிநயம் பற்றிய வியப்பு மூடிவிடலாகாது. யூதக் குடும்பத்திற் பிறந்த ஒட்டோ கிளெம்பரர் 1933 இல் ஜேர்மனியை விட்டு வெளியேறவேண்டியிருந்தது. அவ்வாண்டே தொஸ்கனீனி பைறொயித் விழாவில் பங்குபற்ற மறுத்தார். இவற்றை அறிந்தபின் நாம் வேறொரு செவியோடு கேட்கிறோம். அதைப் பக்கச்சார்பு என்பாரும் உளர்; எமக்கு உடன்பாடில்லை.

ஒரு தொகுதியையே தெரிய வேண்டுமாயின், நிக்கொலாஸ் ஆர்நொன்கூர் ஐரோப்பிய அறை இசைக்குழுவுடன் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் கிராற்ஸ் நகரிற் பதிந்ததையே தெரிவோம். அங்கு வயலின்கள் இக்காலத்தவை. எக்காளங்கள் வால்வற்ற பழையவை. விரைவும் பேச்சின் நிறுத்தங்களும் ஒருங்கே அமைந்துள்ளன. நான்காவதும் எட்டாவதும் பெரியவற்றின் நிழலில் ஒடுங்கவில்லை. எரோய்க்காவின் மரண ஊர்வலத்துக்கு மட்டும் கிளெம்பரரின் 1955 ஆம் ஆண்டுப் பதிவை நாடுவோம். பூர்ட்வெங்ளரின் தொகுதி என விற்கப்படுவனவோ வெவ்வேறு ஆண்டுகளின் கலையகப் பதிவுகளையும் மேடைப் பதிவுகளையும் அவர் மறைந்தபின் இணைத்தவை; அவற்றைத் தொகுதி என மதிப்பிடுதல் பொருந்தாது.

கார்லொஸ் கிளைபர் ஒன்பதையும் பதிந்தவரல்லர். வியன்னா பில்ஹார்மோனிக்குடன் 1974 இற் பதிந்த ஐந்தாவதும், அடுத்து வந்த ஏழாவதும், 1982 இல் மியூனிக் மேடையில் நிகழ்ந்த நான்காவதும் அவரிடமிருந்து கிடைத்தவற்றுள் தலையாயவை. தொகுதிகளை மாத்திரம் நாடுவோரின் பட்டியலில் இம்மூன்றும் இடம்பெறுவதில்லை.