மதிப்பீட்டில் விடுபட்ட வரி

மதிப்பீடு என்னும் சொல் தமிழில் இருவேறு தொழில் செய்கின்றது. ஒரு நூலின் தரத்தை அளந்து கூறுதலும் மதிப்பீடே. ஆண்டுத் தொடக்கத்தில் வாணிப நிலையங்கள் வகுக்கும் செலவுக் கணக்கும் மதிப்பீடே. பின்னதைக் கணக்கர் அன்றிப் பிறர் படிப்பது அரிது. ஆயினும், செயற்கை நுண்ணறிவுக்கென இன்று எழுதப்படும் செலவு மதிப்பீடுகள் தமிழாசிரியரும் ஒருமுறை ஊன்றிப் படிக்கத் தக்கவை.

மென்பொருளுக்குத் தனிவிலை என்பதே பிற்காலத்து வழக்கம். ஐ.பி.எம். நிறுவனம் தன் கணிப்பொறிகளோடு மென்பொருளையும் சேர்த்தே தந்து வந்தது. 1969 ஜூன் மாதத்தில்தான் இரண்டையும் பிரித்து விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1999-இல் தோன்றிய சேல்ஸ்ஃபோர்ஸ் போன்றவை ஆளுக்கு மாதம் இவ்வளவு என்னும் சந்தா முறையைப் பரப்பின. இதில் கணக்கு எளிது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023 நவம்பரில் ‘கோபைலட்’டைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியபோது, ஆளுக்கு மாதம் 30 அமெரிக்க டாலர், குறைந்தது 300 பேர் என்று வைத்தது. பெருக்கினால் ஆண்டுக்கு 108,000 டாலர். ஊழியர் தொட்டாலும் தொடாவிட்டாலும் தொகை அதுவே. வீண்செலவு உண்டாகலாம், திடுக்கிடுதல் இராது.

நிறுவனம் தன் வாடிக்கையாளர்க்கு விடையளிக்கும் கருவியைத் தானே அமைத்துக்கொள்ளுமாயின் கணக்கு மாறிவிடுகின்றது. அங்கே பெரும்பாலும் தலைக்கு விலையில்லை; டோக்கனுக்கு விலை. டோக்கன் என்பது சொல்லுமன்று, அசையுமன்று, இலக்கணம் கூறும் எழுத்துமன்று. பயிற்சிக்குக் கொடுத்த பெருந்தொகுப்பில் அடிக்கடி சேர்ந்துவரும் குறிகளை ஒன்றாய்க் கட்டிவைத்த துணுக்கு அது. அத்தொகுப்பில் ஆங்கிலம் மிகுதி. ஆதலின் ஆங்கிலச் சொல் பலவிடத்து ஒரே துணுக்காய் நிற்க, தமிழ்ச் சொல் சிதறுகின்றது.

‘தமிழ்’ என்னும் சொல்லையே பார்க்கலாம். இலக்கணப்படி எழுத்து மூன்று. யுனிகோடு முறையில் குறி ஐந்து. ஒவ்வொரு குறியும் கணிப்பொறியில் வழக்கமாக 3 பைட் இடம் கொள்வதால் மொத்தம் 15 பைட். அதே பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 5 பைட்டில் முடிந்துவிடும். துணுக்காக்கும் கருவி தமிழை அறியாதபோது ஓர் உயிர்மெய்யைக்கூட நடுவே வெட்டிவிடும்!

2024 மே மாதத்தில் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனம் தானே ஓர் ஒப்பீடு தந்தது. ஒரே அறிமுக வாசகம் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலத்தில் 24, தமிழில் 35. தமிழ் நீண்ட சொற்களையுடைய மொழி, அதனால் செலவு மிகும் என்பார்க்கு இவ்வெண்களே விடை. தமிழ் வாசகம் மாறவில்லை. வெட்டிய கத்திதான் மாறியது. குற்றம் எங்கிருந்தது என்பது விளங்கும்.

திருத்தம் பெரிதே. எனினும் அவ்வொப்பீட்டின்படி இன்னும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எஞ்சுகின்றது; எல்லா மாதிரிகளும் அந்த அளவுக்குத் திருந்தியவை என்று கொள்வதற்கும் இல்லை. நான்கு மொழிகள் ஆட்சிமொழிகளாயுள்ள சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் ஆங்கில வினாக்களை மட்டும் வைத்துச் சோதித்து, கண்ட சராசரியை மக்கள் தொகையால் பெருக்கி மதிப்பீடு எழுதினால், அத்தாள் முதல் வரியிலேயே பிழைபட்டது. நடு ஆண்டில் தொகை மீறும். அப்பொழுது எதை நிறுத்துவது என்ற பேச்சு எழுமானால், வாடிக்கையாளர் குறைந்து, விடைக்குச் செலவு மிகுந்து நிற்கும் மொழியின்மேல்தான் முதற்கண் விழும். தமிழ் வேண்டாமென்று எவரும் தீர்மானித்திருக்க மாட்டார்கள். கணக்கே அதனைத் தீர்மானித்துவிடும்.

மதிப்பீட்டுத் தாளில் மொழிக்கொரு வரி வேண்டும். அம்மொழியிலேயே சோதித்துக் கண்ட எண் அதில் இடம்பெற வேண்டும். அதற்குக் கீழே, கருவி தரும் தமிழ் விடைகளைப் படித்துப் பிழை களையும் தமிழறிந்தவரின் ஊதியத்துக்கு மற்றொரு வரி. டோக்கன் விலை குறையக் குறைய முதல் வரி சுருங்கலாம். இரண்டாவது வரி அவ்வாறு சுருங்குவதற்கில்லை.