காந்த பிட் ஹோல்டர்: பாராட்டு யாருக்குப் போகணும்?

விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குழல். பெயர் காந்த பிட் ஹோல்டர். திரைச்சீலைக் கம்பி மாட்டுவது முதல் அலமாரிக் கீல் மாற்றுவது வரை சில மாதங்களாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். நல்ல சாமான், சந்தேகமே இல்லை. ஆனா யாரைக் கேட்டாலும் "காந்தம் இருக்கு, ஸ்க்ரூ கீழ விழாது"ன்னு காந்தத்தையே புகழ்றாங்க. அதுல எனக்குப் பாதி உடன்பாடுதான்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். ஒரு முனையில் ஆறுபட்டைத் தண்டு. மறுமுனையில் ஆறுபட்டைக் குழி, அதன் அடியில் சின்னதாக ஒரு காந்தம். குழிக்குள் 25 மி.மீ. நீளமுள்ள பிட் உட்காரும். எதிரெதிர் பட்டைகளுக்கு இடையிலான அளவு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் பெரும்பாலும் இதே அளவுதான், ஐ.எஸ்.ஓ. 1173 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. அதனால் ஒரே பிட் கைத்திருப்புளியிலும் போகும், டிரில்லிலும் போகும், இம்பாக்ட் டிரைவரிலும் போகும்.

இதன் அருமை தெரிய அதே டிரில்லின் பேட்டரியைப் பாருங்கள். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பொதுவாக ஏறாது. பேட்டரியில் நாம் மாட்டிக்கொள்கிறோம், பிட்டில் சுதந்திரமாக இருக்கிறோம். அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது ஆறுபட்டை. டிரில் சக்கின் மூன்று தாடைகள் மூன்று பட்டைகளில் படிந்து பிடிப்பதால் தண்டு வழுக்குவதும் இல்லை.

சரி, காந்தம்? ஏணி மேல் நின்று ஒரு கையால் கிளாம்பைப் பிடித்திருக்கும்போது, ஸ்க்ரூ பிட் நுனியில் தானாக ஒட்டி நிற்பது பெரிய உதவிதான். ஆனால் அது இரும்போடு மட்டும் நடக்கிற வித்தை. பித்தளைக் கீல் ஸ்க்ரூவும் 304 கிரேடு எஸ்.எஸ். ஸ்க்ரூவும் சட்டையே செய்யாது. இரும்புச் சட்டத்தில் துளை போட்ட இடத்தில் கீழே வைத்தால், தூள் முழுக்கக் குழி வாயில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிட் முழுசா உள்ளே உட்காராது. நான் ஒட்டும் டேப்பை அழுத்தி எடுக்கிறேன், வந்துவிடுகிறது. இன்னொன்று, இறுகிய ஸ்க்ரூ பிட்டைக் கவ்விக்கொண்டால் ஹோல்டர் மட்டும் கையோடு வரும். காந்தத்தின் பிடி அவ்வளவுதான்.

இதைவிட அடிப்படையான ஒரு கேள்வி உண்டு. ஸ்க்ரூவைப் பிடிக்கக் காந்தம் ஏன் தேவைப்படுகிறது? கனடாவில் ராபர்ட்சன் என்பவர் 1908-இல் உருவாக்கிய சதுரக்குழி ஸ்க்ரூவுக்கு அது பெரிதாகத் தேவையில்லை. குழி லேசாகச் சரிந்திருப்பதால் திருப்புளியில் இறுக்கமாக ஏறித் தானே நிற்கும், அது பித்தளையாக இருந்தாலும். உலகமெங்கும் பரவியதோ 1930-களில் அமெரிக்காவில் ஃபிலிப்ஸ் காப்புரிமை பெற்ற பிளஸ் ஸ்க்ரூ. அதன் சரிவு வேறு மாதிரி. அழுத்தம் குறைந்தால் பிட் வெளியே ஏறிவிடும், தலை மழுங்கும். ஆக, காந்தம் என்பது பிளஸ் ஸ்க்ரூவின் குறைக்குக் கொடுத்த முட்டு. ஸ்க்ரூ விழாமல் பார்த்துக்கொள்ளும், தலை மழுங்குவதைத் தடுக்காது. அதுக்கு சரியான அளவு பிட்டும், நேராகக் கொடுக்கும் அழுத்தமும்தான் வழி. பி.எச்.2 ஸ்க்ரூவில் பி.எச்.1 பிட்டைப் போட்டுவிட்டுக் காந்தத்தை நம்பிப் பயனில்லை.

அதனால் வாங்கப் போகிறவர்கள் "காந்தம் பவர்ஃபுல்லா?" என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் பிட்டை மாட்டி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமென்றால் வேண்டாம். இழுத்தால் பிட்டை விடுகிற பூட்டுவளையம் உள்ளது கிடைத்தால், கழன்று வரும் தொல்லை இல்லை. ஸ்க்ரூவைச் சுற்றி மூடும் நகரும் உறை இருந்தால் பித்தளையும் எஸ்.எஸ்.ஸும் சாயாமல் நேராக நிற்கும். இடுக்குக்குள் வேலை இல்லையென்றால் குட்டையானதே போதும். நீளம் கூடக் கூட நுனி ஆட்டமும் கூடும். இதெல்லாம் சரியா இருந்து, காந்தமும் இருந்தா, ரொம்ப சந்தோஷம்.