முப்பது கணினிக்கும் ஒரே கோப்பு

12ஆம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் கொண்டு கோட்டு வரைபடமும் வட்ட வரைபடமும் வரையும் பாடம் கடைசியாக வருகிறது. அதற்கு மேட்பிளாட்லிப் என்னும் பைத்தான் தொகுப்பு வேண்டும். எங்கள் பள்ளி லேபில் முப்பது கணினிகள், எல்லாவற்றிலும் உபுண்டு. போன வருடம் வரை இந்த ஒன்றை ஏற்றுவதற்காக மேசை மேசையாக உட்கார்ந்து எழுந்தேன். கடவுச்சொல் அடி, காத்திரு, அடுத்ததற்குப் போ. இரண்டு நாள் ஓடிவிடும். பதினேழாவது கணினியில் போட்டோமா, விட்டோமா என்பது பிராக்டிகல் அன்றைக்குத்தான் தெரியவரும். இந்த வருடம் அந்த வேலையை ஆன்சிபிளிடம் கொடுத்தேன்.

ஆன்சிபிள் 2012இல் மைக்கேல் டிஹான் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். 2015இல் ரெட் ஹாட் அதை வாங்கியது. சர்வர்களை நிர்வகிப்பவர்களுக்காகப் பிறந்ததுதான் என்றாலும் வகுப்பறைக்கு அழகாகப் பொருந்துகிறது. காரணம், மாணவர் கணினியில் இதற்கென்று தனியாக எதுவும் குடியிருக்க வேண்டியதில்லை. பைத்தானும் எஸ்.எஸ்.ஹெச். இணைப்பும் இருந்தால் போதும். பைத்தான் உபுண்டுவிலேயே இருக்கிறது. எஸ்.எஸ்.ஹெச். சர்வரை மட்டும் ஒருமுறை எல்லாக் கணினியிலும் நிறுவி, லேப் மடிக்கணினியின் சாவியை ஏற்றினேன்.

அதன்பிறகு இரண்டே கோப்புகள். ஒன்றில் கணினிகளின் பட்டியல். மற்றொன்று ‘பிளேபுக்’. என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதுவதில்லை, என்ன இருக்க வேண்டும் என்று எழுதுகிறோம். ‘மேட்பிளாட்லிப் இருக்க வேண்டும்’ என்று எழுதினால், இல்லாத கணினியில் மட்டும் ஏற்றும். ஏற்கெனவே இருந்தால் தொடாமல் நகர்ந்துவிடும். அதனால் ஒரே பிளேபுக்கைப் பத்து முறை ஓட்டினாலும் பயமில்லை. முடிவில் திரையில் வரிசையாக விடை வரும்: பச்சை என்றால் சரியாகவே இருந்தது, மஞ்சள் என்றால் மாற்றியிருக்கிறது, சிவப்பு என்றால் நாம் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். பதினேழாவது கணினியைப் பற்றிய சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது தமிழ்99 விசைப்பலகையைப் போட்ட அனுபவம். தட்டச்சு முறைகளைக் கவனிக்கும் ஐபஸ்ஸுக்கான எம்17என் தொகுப்பை நிறுவுவது ஒரு வரி வேலை. ஆனால் விசைப்பலகைத் தேர்வு பயனருக்குப் பயனர் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. நிர்வாகி கணக்கில் தமிழ் வந்தாலும் மாணவர் கணக்கில் வராது. இந்தத் தேர்வுகள் சேமிக்கப்படும் டிகான்ஃபில் கணினி முழுமைக்குமான இயல்பு அமைப்பை எழுதி, அதைப் புதுப்பிக்கும் கட்டளையையும் பிளேபுக்கில் சேர்த்த பிறகு, தாங்களாக எதையும் மாற்றிவைக்காத எல்லாக் கணக்குகளிலும் தமிழ்99 வந்தது. கையால் செய்திருந்தால் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு கணக்காக உள்ளே போய் வந்திருக்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இல்லாமல் போவதற்குப் பல லேப்களில் இந்தச் சலிப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

இணையம் மெதுவாக இருக்கும் பள்ளிகள் இதோடு ஏபிடி கேச்சர் என்.ஜி.யையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் கணினி கேட்கும் தொகுப்பை அது இறக்கி வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு லேபுக்குள்ளேயே கொடுத்துவிடும். ஆன்சிபிள் தானாக விட்டால் ஒரே நேரத்தில் ஐந்து கணினிகளோடுதான் பேசும். கேச் வந்த பிறகு அதைப் பதினைந்தாக உயர்த்தினேன். ஒரு பீரியடுக்குள் முப்பதும் முடிந்தது.

குறைகளும் உண்டு. அணைந்து கிடக்கும் கணினிக்கு ஆன்சிபிளால் ஒன்றும் செய்ய முடியாது. கணினி தானே வந்து பிளேபுக்கை எடுத்துச் செல்லும் ‘புல்’ முறை இருக்கிறது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். உபுண்டு தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் நுழைந்தால் தொகுப்பு நிறுவலுக்கான பூட்டு கிடைக்காமல் தோற்றுப்போகும். காலை முதல் மணியில் இது அடிக்கடி நடந்தது. ஒருநாள் பாதி நிறுவலில் மின்சாரம் போய், யு.பி.எஸ். இல்லாத நான்கு கணினிகளில் தொகுப்புகள் அரைகுறையாக நின்றன. அவற்றைச் சரிசெய்யும் கட்டளையையும் ஆன்சிபிள் வழியாகவே அனுப்ப முடிந்தது. பிளேபுக் எழுதும் ஒய்.ஏ.எம்.எல். வடிவத்தில் இடைவெளி ஒன்று பிசகினாலே ஓடாது. டேப் விசையால் தள்ளி எழுதினாலும் ஏற்காது. புதிதாகக் கற்பவருக்கு முதல் வாரம் இதிலேயே போகும்.

விண்டோஸ் லேப் என்றால் நான் இதை உடனே சொல்ல மாட்டேன். விண்டோஸ் கணினிகளையும் ஆள முடியும், ஆனால் அவற்றைத் தயார்செய்யும் வேலை அதிகம். ஆளும் கணினியில் லினக்ஸோ மேக்கோ வேண்டும், இல்லையென்றால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வேண்டும். இன்னொன்று: முப்பது கணினிகளையும் திறக்கும் சாவி ஒரே மடிக்கணினியில் இருக்கிறது. அந்தச் சாவிக்குக் கடவுச்சொற்றொடர் போடாமல் தொடங்கவே கூடாது.

பருவத்தின் நடுவில் ‘இருந்தால் போதும்’ என்றும், விடுமுறையில் ‘புதிய பதிப்பு வேண்டும்’ என்றும் இரண்டு பிளேபுக்குகள் வைத்திருக்கிறேன். தேர்வு நேரத்தில் பதிப்பு மாறிப் பிள்ளைகள் குழம்பக் கூடாது. எதையும் மாற்றாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டும் சோதனை ஓட்டத்தை முந்தைய நாள் மாலையே பார்த்துவிடுகிறேன்.

கடந்த மாதம் நான் விடுப்பில் இருந்தபோது, எஸ்கியூலைட் பாடத்துக்கு டிபி பிரவுசர் தேவைப்பட்டிருக்கிறது. கட்டளைகள் எழுதிப் பழக்கமில்லாத என் சக ஆசிரியை, லேப் மடிக்கணினியில் பிளேபுக்கைத் திறந்து, மேட்பிளாட்லிப் வரிக்குக் கீழே அதே மாதிரி ஒரு வரி சேர்த்து ஓட்டியிருந்தார். திரும்பி வந்து பார்த்தேன், முப்பதிலும் இருந்தது.