சங்கை யார் ஊதுவது?

2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டி ஒன்றிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கினால் ஆலை வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. தொட்டி மட்டும் நிறைந்திருந்தது. தொட்டியில் வெப்பமானி இல்லாமல் இல்லை. ஆனால் அது இருந்தது அடிப்பகுதியில் மட்டும். ஸ்டைரீன் தனக்குத்தானே பிணைந்து பாலிமராக மாறும்போது வெப்பம் பிறக்கும். சூடான திரவம் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது அடியில் தங்கும். திரவத்தைச் சுழலவிட்டுக் கலக்கும் குழாய் அமைப்பில் சில மாதங்களுக்கு முன் செய்த மாற்றத்தால் அந்தக் கலப்பும் நடக்கவில்லை. ஆக, மேல்மட்டம் கொதிநிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அடியிலிருந்த கருவி எல்லாம் நலம் என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு அவ்வாண்டு ஜூலையில் தந்த அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: ஆலைக்குள் அபாயச் சங்கை ஒலிக்கச் செய்யும் பொத்தான்கள் 36 இடங்களில் இருந்தன, ஒன்றையும் யாரும் அழுத்தவில்லை. நம் பேச்சுத் தமிழில் சங்கு ஊதுவதற்கு இரண்டு பொருள் உண்டு. முதல் பொருளில் ஊதாததால் இரண்டாவது பொருளில் ஊத வேண்டியதாயிற்று.

பாலத்திலும் மலைச்சரிவிலும் ரசாயனக் கிடங்கிலும் சென்சார் பொருத்துவது இன்று பாதுகாப்பின் மறுபெயராகிவிட்டது. விபத்து நடந்த மறுவாரம் வரும் அரசு அறிவிப்பில் அந்தச் சொல் தவறாமல் இருக்கும். கருவியின் பயனை மறுப்பது என் நோக்கமில்லை. பயன் எங்கே பிறக்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு. எந்த அளவைத் தாண்டினால் யார் எதை நிறுத்துவார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட இடத்தில் சென்சார் உயிரைக் காக்கிறது. அது எழுதப்படாத இடத்தில், பிற்பாடு விசாரணைக் குழு படிப்பதற்கான ஏட்டைத்தான் அது நிரப்புகிறது.

எழுதப்பட்ட இடத்துக்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுவே, கப்பலுக்கு வழிவிட இரண்டாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி இருந்தது. உப்புக்காற்று அரித்துத் தள்ளிய அந்த இரும்பில் சென்னை ஐ.ஐ.டி. தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தியது. 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியிலிருந்து எச்சரிக்கை வந்ததும் ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. பழைய பாலத்தில் பயணிகள் ரயில் மறுபடி ஓடவே இல்லை. புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ராமேஸ்வரத்து வியாபாரிகளும் யாத்திரிகர்களும் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. ஆனாலும் அந்த முடிவு எளிதில் எடுக்கப்பட்டது. ஐ.ஐ.டி.யின் கருவி மற்ற இடத்துக் கருவிகளைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்பதல்ல காரணம். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்து என்பது ரயில்வேயின் நூற்றாண்டுப் பழக்கம். கொடி, கைவிளக்கு, சிக்னல் எனப் பல வடிவங்களில் இருந்த அந்த அதிகாரத்தோடு சென்சார் போய் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே.

மண்ணுக்கு அப்படி ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. சரிவு நிற்பது மண் துகள்களுக்கிடையே உள்ள உராய்வால். மழைநீர் இறங்கி இடைவெளிகளை நிரப்பும்போது நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது, உராய்வு குறைகிறது, ஒரு கட்டத்தில் மலை தன் எடையைத் தானே தாங்க முடியாமல் போகிறது. இந்த வழியின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு கருவி அளக்கிறது. மழைமானி காரணத்தைச் சொல்கிறது. ஆழத்தில் புதைத்த பீசோமீட்டர் நீரழுத்தத்தை, அதாவது மண்ணின் இப்போதைய நிலையைச் சொல்கிறது. சாய்வுமானி நகர்வு தொடங்கிவிட்டதா என்று சொல்கிறது. ஜியோபோன் அதிர்வைக் கேட்கும்போது மண் புறப்பட்டுவிட்டது என்றே பொருள். முதலாவது பல மணி நேரத்தைத் தரும், ஆனால் துல்லியம் குறைவு. கடைசியானது துல்லியமானது, ஆனால் தரும் அவகாசமோ ஓட்டமெடுக்கவும் போதாது. எச்சரிக்கைக் கலை முழுவதும் இந்தப் பேரத்தில்தான் இருக்கிறது. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் இந்த நான்கையும் ஒரே சரிவில் பூமிக்குள் இறக்கி, தரவை மலையிலிருந்து கடலோரத்து அமிர்தபுரிக்குக் கம்பியில்லா வலையில் அனுப்பியது. 2009 பருவமழையில் அந்த அமைப்பு எச்சரிக்கையும் விடுத்தது. இந்திய மண்சரிவு ஆய்வில் இது மதிக்கத்தக்க சாதனை. இதில் எனக்கு ஐயமில்லை.

அதே மூணாறு மலைத்தொடரில், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தோட்டத்து லயக் குடியிருப்புகளை மூடியது. 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. நாட்டின் சிறந்த மண்சரிவுக் கண்காணிப்பு அதே தாலுகாவில் பத்தாண்டுக்கு மேலாக இயங்கிக்கொண்டிருந்தது. அது பார்த்தது வேறொரு சரிவை. அதைவிட உறுத்துவது இன்னொன்று. இரவு சரிந்த செய்தி வெளியே தெரிந்தது மறுநாள் காலையில். தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்தது. பிழைத்தவர்கள் நடந்து போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. பீசோமீட்டர் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு டவருக்கு மின்சாரம் இருந்ததா என்று பேச வேண்டிய இடம் அது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை நடந்த மண்சரிவு இதன் மறுபக்கம். அங்கே கருவி இருந்தது, அதுவும் மிக மலிவானது. கல்பற்றாவின் ஹியூம் மையம் தன்னார்வலர்களை வைத்து ஊர் ஊராக மழைமானி படித்துவருகிறது. முதல் நாள் காலையிலேயே ஆபத்தை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாக அந்த மையம் சொன்னது. 48 மணி நேரத்தில் அப்பகுதியில் 572 மி.மீ. மழை. மறுபுறம், மண்சரிவை முன்னறிவிக்கும் தேசிய நிறுவனம் அந்த நாளுக்கு வயநாட்டுக்குத் தந்தது பச்சைக் குறியீடு என்று கேரள முதல்வர் குற்றம்சாட்டினார். முன்கூட்டியே எச்சரித்தோம் என்று மத்திய உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். யார் சொன்னது சரி என்ற சண்டையே நான் சொல்வதை நிரூபிக்கிறது: எந்த எண்ணுக்கு, சரிவில் புதைந்த முண்டக்கையும் சூரல்மலையும் காலியாக வேண்டும் என்று முன்பே யாரும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

இதற்கு அதிகாரிகள் தரப்பிலிருந்து வரும் பதில் நியாயமானதுதான். பொய் எச்சரிக்கை இரண்டு முறை வந்தால் மூன்றாம் முறை ஊர் அசையாது. ஆகவே எண்ணைக் கட்டளையாக்குவது ஆபத்து, அனுபவமுள்ள ஒருவரின் தீர்ப்புக்கு இடம் வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தீர்ப்புக்கு இடம் இருக்கலாம். தீர்ப்பவர் யார் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. மேலும் எல்லா எச்சரிக்கையும் ஊரைக் காலி செய்யச் சொல்ல வேண்டியதில்லை. இமாசலத்தில் மண்டி ஐ.ஐ.டி. வடிவமைத்த மலிவுக் கருவிகள் சாலையோர விளக்கோடும் ஒலிப்பானோடும் நேரடியாக இணைக்கப்பட்டன: மண் நகர்ந்தால் விளக்கு எரியும், வண்டிகள் நிற்கும். அது பொய்யானால் நஷ்டம் பத்து நிமிடம். பொய் எச்சரிக்கையின் விலை குறைவாக உள்ள இடத்தில் இயந்திரமே கட்டளையிடட்டும். விலை அதிகமுள்ள இடத்தில் பெயர் குறிப்பிட்ட ஒரு மனிதர் கட்டளையிடட்டும். இரண்டும் இல்லாத இடம்தான் கொல்கிறது. பராமரிப்பும் இதில் சேர்ந்ததே. சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரியில் 2023 செப்டம்பரில் வைத்த கண்காணிப்புக் கருவிகள் அம்மாதக் கடைசியிலேயே மின்சாரமின்றி ஓய்ந்தன. அக்டோபர் 4ஆம் தேதி ஏரி உடைந்து தீஸ்தா அணையையும் அடித்துச் சென்றது.

இன்னொரு மறுப்பு இடதுபுறத்திலிருந்து வருகிறது. அதை எளிதில் தள்ள முடியாது. ஓடையோரச் சரிவில் லயம் கட்டி, அதில் மனிதர்களைத் தலைமுறையாகக் குடிவைத்துவிட்டு, இப்போது அங்கே சென்சார் வைப்பது யாருக்காக? குடியிருப்பை மாற்றினால் கருவியே வேண்டாமே. ரசாயனத்துக்கும் இது பொருந்தும். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான் சென்னை மணலியில் 2015 முதல் கிடந்த சுமார் 700 டன் நினைவுக்கு வந்து ஹைதராபாத்துக்கு நகர்த்தப்பட்டது. அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை; கோப்பைத் திறந்ததே போதுமானதாக இருந்தது. அபாயத்தை அகற்ற முடிகிற இடத்தில் அதை அளந்துகொண்டிருப்பது தள்ளிப்போடும் தந்திரம் என்பதில் இந்த மறுப்பாளர்களோடு நான் நிற்கிறேன். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் எல்லாச் சரிவுகளிலிருந்தும் நாளையே குடிகளை இறக்கிவிட முடியாது. இறக்கும் வரை மழை காத்திருக்காது. இடைக்காலத்துக்குக் கருவி வேண்டும், அது இடைக்காலம் என்ற ஒப்புதலோடு.

ஆகவே நீலகிரியிலோ எண்ணூரிலோ ஏதாவதொரு பாலத்திலோ இத்தனை கோடியில் இத்தனை சென்சார் என்று அடுத்த டெண்டர் வரும்போது வாசகர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ வேண்டாம். எந்த அளவில் சங்கு ஊதும், ஊதுபவரின் பதவி என்ன, இரவு இரண்டு மணிக்கு அவர் எங்கே இருப்பார், மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்றும் செலவு எந்தத் தலைப்பில் வருகிறது என்ற நான்கு வரிகள் அதில் இருக்கின்றனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள்.