முகமறைப்பு விற்பனைப் பண்டமாகுமா?

இணையத்திலே தம்மை இனங்காட்டாது உலவும் வசதியை விலைக்கு விற்கலாம் என்ற எண்ணம் 1990களில் வலுப்பெற்றது. அந்தரங்கத்தை மக்கள் வேண்டுவர்; வேண்டுவோர் விலை கொடுப்பர் என்பது அதன் தருக்கம். இத்தருக்கம் பொய்த்தமைக்கான காரணத்தை விற்கப்பட்ட பொருளின் இயல்பிலேயே தேடவேண்டும்.

கனடாவின் மொன்றியல் நகரில் 1997இல் தொடங்கப்பட்ட சீரோ நொலெஜ் சிஸ்ரம்ஸ் நிறுவனம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் ‘ஃபிரீடம்’ சேவை 1999 இறுதியில் வெளிவந்தது. பாவனையாளர் புனைபெயர்களை விலைக்கு வாங்கினர். அவர்தம் செய்திகள் பல அடுக்கு மறைகுறியாக்கத்துடன் இடைநிலைக் கணினிகளினூடாகச் சென்றன. தொழினுட்பம் செம்மையானதே. எனினும் 2001 ஒக்ரோபரில் அச்சேவை நிறுத்தப்பட்டது. செப்ரெம்பர் 11 தாக்குதலை அடுத்து இது நிகழ்ந்தமையால் அரசியல் நெருக்கடியே காரணமெனச் சிலர் ஐயுற்றனர். நிறுவனமோ அதனை மறுத்து, சேவை இலாபந் தராமையையே காரணங்காட்டிற்று.

இவ்விடத்து ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. ஏனைய பண்டங்கள் பலவற்றை ஒருவர் தனித்து நுகரலாம். மறைவை அவ்வாறு நுகர இயலாது. கூட்டத்தினிடையே முகமூடியணிந்தவன் தான் ஒருவனேயாயின், அம்முகமூடியே அவனைக் காட்டிக்கொடுக்கும். விலையுயர்வினால் பாவனையாளர் குறையுமிடத்து, எஞ்சியோர் வாங்கிய பொருளின் தரமும் தாழ்கின்றது. அக்குயிஸ்ரி, டிங்கிள்டைன், சிவர்சன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, முகமறைப்பின் பொருளியலை இந்நோக்கிலேயே ஆராய்ந்தது.

‘டோர்’ வலையமைப்பின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். அதன் மூலவழிமுறை அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்திலே பிறந்தது. கடற்படை மட்டுமே அதனைப் பயன்படுத்தின், அதனூடு வரும் ஒவ்வொரு செய்தியும் கடற்படையினதே என்பது வெளிப்படை. எனவே அரசுக்கே பொதுமக்கள் கூட்டம் தேவைப்பட்டது. 2002இல் வெளிவந்த டோர் இலவசமாயிற்று. அதன் இடைநிலைக் கணினிகளைத் தொண்டர்கள் பேணுகின்றனர். ஆயினும் அதனை வளர்த்த நிதியிற் பெரும்பகுதி நெடுங்காலம் அமெரிக்க அரசிடமிருந்தே வந்தது.

இன்று வி.பி.என். சேவைகள் நன்கு விலைபோகின்றனவே என வினவலாம். அங்கு பாவனையாளர் வழமையான இணைய வழங்குநரிடமிருந்து மறைந்து, மற்றொரு நிறுவனத்தின் பார்வைக்குள் செல்கின்றனர். பதிவுகளைப் பேணுவதில்லை என்ற அதன் வாக்குறுதியைச் சாதாரண பாவனையாளர் தாமே பரிசோதித்தறிதல் அரிது. விற்கப்படுவது மறைவன்று, நம்பிக்கையே.

சந்தை தரவியலாததை அரசின் நிதி தந்தது. அரசின் கண்ணிலிருந்து மறைய விழைவோர் அரசின் கொடையையே சார்ந்திருத்தல் எத்துணைப் பாதுகாப்பானது? கூட்டத்தினால் மட்டுமே கிடைக்கும் பொருளைப் பேணும் பொறுப்பும் கூட்டத்தினதேயாதல் வேண்டும். அதற்கான நிதியையும் அமைப்பையும் எங்ஙனம் திரட்டுவது என்பதே இனி ஆராயவேண்டிய வினாவாகும்.