பதினாறாவது கிலோமீட்டரில் ஒரு பலே

மார்கழி முடியும் தறுவாயில் சென்னைக்கு இரண்டு வகை ரசிகர்கள் உண்டு. ஒரு வகையினர் மாலையில் சபாவுக்குப் போகிறவர்கள். இன்னொரு வகையினர் விடிவதற்கு முன்பே கடற்கரையையொட்டிய சாலையோரத்தில் வந்து நிற்கிறவர்கள். சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் சென்னை மாரத்தான் சில ஆண்டுகளாக ஜனவரித் தொடக்கத்தில்தான் வருகிறது. அதில் ஓடுகிறவரின் மனைவியோ கணவரோ தூக்கக் கலக்கத்தோடு பையைச் சுமந்துகொண்டு கூடவே வந்திருப்பார். சபா ரசிகருக்கு எப்போது தலையாட்ட வேண்டும், எந்த இடத்தில் ‘பலே’ சொல்ல வேண்டும் என்று தெரியும். சாலையோர ரசிகருக்கு யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. தொடக்கத்தில் கத்தோ கத்தென்று கத்திவிட்டு, நடுவில் இரண்டு மணி நேரம் காபி தேடி அலைந்துவிட்டு, முடிவுக் கோட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உற்சாகப்படுத்துவதும் ஒரு ரசனை. எங்கே கஷ்டம் என்று அறிந்து அந்த இடத்தில் விழும் பாராட்டுதான் ஓடுகிறவருக்கும் உதவும், பார்ப்பவருக்கும் சுவை தரும்.

இங்கே பேசப்போவது அரை மாரத்தானைப் பற்றி; முதலில் அதன் தூரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்ட 42.195 கிலோமீட்டரில் சரிபாதி, அதாவது 21.0975 கிலோமீட்டர்தான் அரை மாரத்தான். எண்ணாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. நேரமாக மாற்றினால்தான் பிடிபடும். முதல்முறை ஓடும் ஒருவர் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்ற பேஸில் போவதாக வைத்துக்கொள்வோம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஐந்தாவது கிலோமீட்டரை 5.37க்குத் தாண்டுவார், இன்னும் இருட்டு, காற்றும் இதம். பதினாறாவது கிலோமீட்டரைத் தொடும்போது சரியாக 7 மணி. ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழுந்துவிடும்; ஆக, வெயிலும் கடலோரப் புழுக்கமும் கால் வலியும் ஒன்றாகச் சேரும் இடம் அது. முடிவுக் கோடு 7.38க்கு. இந்தச் சின்னக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வதுதான் ரசிகரின் முதல் வேலை. எங்கே நிற்பது, எப்போது நிற்பது என்பதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கும். பாதை போய்த் திரும்பி வருவதாக இருந்தால், ஒரே இடத்தில் நின்று இரண்டு முறை பார்க்கலாம்.

உற்சாகப்படுத்துவதால் உண்மையிலேயே ஏதாவது ஆகுமா, அல்லது அது நம் மனத்திருப்திக்கா? நியாயமான கேள்வி. நெடுந்தூர உழைப்பை ஆராய்ந்த சாமுவேல் மார்கோரா என்ற இத்தாலிய ஆய்வாளர் சொல்வது இது: ஒருவர் நின்றுவிடுவது தசை முற்றாகத் தீர்ந்துபோவதால் மட்டுமில்லை, ‘இது எவ்வளவு கடினமாக இருக்கிறது’ என்று மனத்துக்குத் தோன்றும் அளவு, ‘இதற்காக நான் எவ்வளவு பாடுபடத் தயார்’ என்ற அளவைத் தாண்டும்போதுதான் கால் நிற்கிறது. எல்லா உடலியல் ஆய்வாளர்களும் இதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் அவரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனை கவனிக்கத்தக்கது. 24 பேரைச் சைக்கிள் இயந்திரத்தில் களைத்து நிறுத்தும்வரை மிதிக்கச் செய்தார்கள். இரண்டு வாரம் தங்களுக்குத் தாங்களே தெம்பு சொல்லிக்கொள்ளப் பழகியவர்கள், அதன்பின் முன்னைவிடச் சுமார் 18 சதவீதம் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பழகாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தசையின் வலுவை யாரும் கூட்டவில்லை, கூட்டியது சொல். வெளியிலிருந்து வரும் சொல்லுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று இதிலிருந்து நேராக முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் இரவு, போட்டி எண் உள்ள ‘பிப்’பைச் சட்டையில் ஊக்கால் குத்தும் நேரத்தில், ‘கஷ்டம் வரும்போது உனக்கு நீயே என்ன சொல்லிக்குவே?’ என்று கேட்டு வையுங்கள். மறுநாள் அதே சொல்லைச் சாலையோரத்திலிருந்து திருப்பிக் கொடுங்கள். அது உங்கள் சொல்லாக இருக்காது. அவர் தனக்கென்று வைத்திருந்ததை அவருக்கே நினைவூட்டுவதாக இருக்கும்.

அடுத்து, எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது. இதுதான் பலருக்கும் விளங்காத பாடம். தொடக்கக் கோட்டில் ஒலிபெருக்கி அலறும், மேளம் முழங்கும், ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். அந்த வேகத்தில் ஏழரை நிமிடப் பேஸ்காரர் ஆறரையில் பறப்பார். ஐந்து கிலோமீட்டரில் ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொள்வார். பின்னால் அதை வட்டியோடு திருப்பிக் கட்டுவார். பார்வையாளர் முன்னிலை என்ன செய்கிறது என்பதைப் பற்றி ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நன்றாகக் கைவந்த வேலையைப் பிறர் பார்க்கும்போது இன்னும் நன்றாகச் செய்கிறோம், கைவராத வேலையில் தடுமாறுகிறோம். முதல்முறை ஓடுபவருக்கு ஓட்டம் கைவந்ததுதான். மாதக்கணக்கில் அதிகாலைகளில் பழகியிருக்கிறார். கைவராதது ஒன்றே ஒன்று: ஊரே சேர்ந்து துரத்தும்போது மெதுவாக ஓடும் அடக்கம். ஆகவே தொடக்கத்தில் நம் கூச்சல் அவருக்கு எதிராகவே வேலை செய்யும். கச்சேரியில் வர்ணத்துக்கே எழுந்து நின்று கைதட்டுகிறவரைப் பக்கத்து இருக்கைக்காரர் எப்படிப் பார்ப்பார்? ஐந்தாவது கிலோமீட்டருக்குள் பார்க்க நேர்ந்தால் கையை லேசாகக் கீழே அமர்த்திக் காட்டுங்கள். ‘நிதானம்’ என்ற ஒரு சொல் போதும்.

நிற்க வேண்டிய இடம் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவே. அங்கே கூட்டம் மெலிந்திருக்கும், மேளம் இருக்காது, முடிவுக் கோட்டின் சத்தமும் எட்டாது. கற்பனை ஸ்வரத்தில் பாடகர் சிக்கலான ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, எடுப்பில் வந்து விழுவாரா என்று சபை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் இடத்துக்கு இது சமம். இங்கே உடலைப் படிக்கலாம். ஐந்தாவது கிலோமீட்டரில் தளர்ந்து தொங்கிய தோள்கள் இப்போது காதை நோக்கி ஏறியிருக்கும். மூடியும் மூடாமலும் இருந்த விரல்கள் முஷ்டியாகியிருக்கும். முன்னும் பின்னும் ஆடிய கைகள் மார்புக்குக் குறுக்கே வீசத் தொடங்கியிருக்கும். காதைக் கூர்மையாக்கிக் கேட்டால் காலடி ஓசையும் மாறியிருக்கும்: மென்மையாக விழுந்த பாதம் ‘சர்க் சர்க்’ என்று தாரைத் தேய்க்கும். வியர்வை காய்ந்து கன்னத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். முன்பு ஓடியபடியே தண்ணீர்க் குவளையைப் பறித்தவர் இப்போது நின்று, இரண்டு கையாலும் வாங்கிக் குடிப்பார். இத்தனையையும் மீறி அந்தக் கால் அடுத்த அடியை எடுத்து வைக்கிறது. ரசிக்க வேண்டியது அந்த அடியை. இதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேகம் ஒரு பொருட்டாகவே தெரியாது.

என்ன சொல்வது? பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். களைத்த காதில் முதலில் நுழைவது பெயர்தான். பிறகு உண்மையைச் சொல்லுங்கள். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்பது சாலையோரத்தின் மிகப் பழைய பொய். பதினாறில் நிற்பவருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அது கொஞ்சமில்லை என்று அவர் காலுக்குத் தெரியும். ‘பதினாறு முடிஞ்சுது, இனி நம்ம தெருவிலிருந்து பார்க் வரைக்கும் போய் வர்ற தூரம்’ என்பது போல, பழகிய பாதையாக மாற்றிச் சொன்னால் மனம் அதை அளந்துகொள்ளும். ‘தோளை இறக்கு’ என்பதும் நல்ல பாராட்டு. கவனித்துப் பார்த்தவரால் மட்டுமே அதைச் சொல்ல முடியும். எல்லாவற்றுக்கும் மேல், முகத்தைக் காட்டுங்கள். மார்கோரா பங்கேற்ற, அதே 2014இல் வெளிவந்த இன்னொரு சோதனையில், சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் கண் உணராத அளவு நொடிப்பொழுதில் முகப் படங்களைக் காட்டினார்கள். சிரித்த முகத்தைக் கண்டபோது, சோக முகத்தைக் கண்டபோதைவிடச் சுமார் மூன்று நிமிடம் கூடுதலாக மிதித்தார்கள். 13 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனை. வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கைப்பேசியை முகத்துக்கு முன் பிடித்து வீடியோ எடுக்கும் வழக்கத்தைப் பற்றி அது யோசிக்க வைக்கிறது. கடந்து போகும் அந்தப் பதினைந்து நொடியில் அவர் தேடிய முகத்தை நாமே மறைத்துவிடுகிறோம்.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. ஓட்டம் தனிமைக்கான நேரம், யாரும் கூப்பிடாமல் விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆரவாரம் சுமை. சரிதான். ஆனால் ரசனை என்றால் சத்தம் என்று யார் சொன்னது? கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுகிறவரும் ரசிகர்தான். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்னபடி சும்மா நின்றாலே போதும். இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கூர்மையானது: 2021இல் லிஸ்பனில் உகாண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ இதே தூரத்தை 57 நிமிடம் 31 விநாடியில் ஓடி முடித்தார், அந்த நேரத்தில் நம்மவர் எட்டாவது கிலோமீட்டரைக்கூடத் தொட்டிருக்க மாட்டார், இதில் வியக்க என்ன இருக்கிறது? கிப்லிமோவின் அழகு அபூர்வத்தின் அழகு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரங்கேற்றத்துக்குப் போகிறவர் மேடையில் வித்வானைத் தேடுவதில்லை. அங்கே பார்ப்பது, நேற்றுவரை வராத ஒன்று இன்று வருவதை. தவிர, கிப்லிமோ ஒரு மணிக்குள் முடித்துக்கொண்ட உழைப்பை நம்மவர் இரண்டரை மணிக்கு மேல், ஏறும் வெயிலில் சுமக்கிறார். ஒன்று கூர்மை, இன்னொன்று நீளம். இரண்டும் வேறு சுவை.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பாராட்டு, கட்டளையாகிவிடக் கூடாது. நெஞ்சு வலி, தள்ளாட்டம், வெயிலில் உடல் சில்லிட்டு நடுங்குவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் ஆகியவை தெரிந்தால் அது மனம் தளர்ந்ததன் அடையாளமில்லை, உடலின் எச்சரிக்கை. அப்போது ‘விடாதே’ என்று சொல்கிறவர் ரசிகரில்லை. ஓடச் சொல்லும் உரிமை நமக்கு இருந்தால், நிறுத்தச் சொல்லி மருத்துவ உதவியாளரைக் கூப்பிடும் பொறுப்பும் நம்முடையதுதான். சந்தேகம் வந்தால் எளிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் பலே, இல்லையென்றால் போட்டி அதோடு முடிந்தது.

கடைசியில் முடிவுக் கோடு. அங்கே போகத்தான் வேண்டும். உப்புக்கரைசலும் காய்ந்த சட்டையும் உங்கள் பையில்தானே இருக்கின்றன. மெடல் கழுத்தில் விழுந்ததும் உலகமே கேட்கும் கேள்வி, ‘எவ்வளவு நேரம் ஆச்சு?’ அதற்குச் சட்டையில் குத்திய பிப்பில் உள்ள சிப்பே விநாடி சுத்தமாகப் பதில் சொல்லிவிடும். கச்சேரி முடிந்து வெளியே வருகிற நல்ல ரசிகர் எத்தனை மணி நேரம் பாடினார் என்று பேசிக்கொண்டிருப்பதில்லை. அந்த ஒரு இடத்தில் எப்படி வந்து சேர்ந்தார் என்றுதான் பேசுவார். நீங்களும் அவர் மூச்சு அடங்கும்வரை காத்திருந்து கேளுங்கள்: ‘பதினாறாவது கிலோமீட்டர்ல, தண்ணி குடிச்சிட்டு நிமிர்ந்தப்போ என்ன நெனச்சே?’ அங்கே நின்று பார்த்தவரால் மட்டுமே இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.